டிடெக்டரை ஏன் அங்கே வைத்தீர்கள்?

கேள்வி: ஐயா, நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். குழாயில் ஓடும் தண்ணீரின் கலங்கலை அளக்க ஒரு ஒளி சென்சார் செய்திருக்கிறேன். கண்ணாடிக் குழாயைச் சுற்றி ஒரு வளையம். அதில் 860 நானோமீட்டர் எல்இடி மூன்று, ஒளியை வாங்கும் டிடெக்டராக ஃபோட்டோடயோடு ஐந்து. முதலில் எல்லாவற்றையும் சம இடைவெளியில் பொருத்தினேன். தண்ணீரில் காற்றுக் குமிழி வந்தாலே அளவு தாறுமாறாக ஏறியது. பல நாள் இடம் மாற்றி மாற்றிப் பார்த்ததில், ஒரு டிடெக்டரை 75 டிகிரியிலும் இன்னொன்றை 110 டிகிரியிலும் வைத்தபோது குமிழி எது, மண் எது என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. 75-இல் குமிழி பளிச்சென்று தெரிகிறது, 110-இல் ஏறக்குறைய தெரியவே இல்லை. இதற்குப் பேட்டன்ட் கிடைக்குமா? எல்லாம் கடையில் கிடைக்கும் பாகங்கள், இடம் மாற்றி வைத்ததற்கெல்லாம் தரமாட்டார்கள் என்கிறார்கள். நான்கு மாதம் முன்பு ஒரு கண்காட்சியில் இதை வைத்தேன். தெரிந்தவர் ஒருவரிடம் சோதிக்க இரண்டு சென்சார் கொடுத்திருக்கிறேன். அதனால் கெட்டுவிட்டதா? போர்டு செய்து கொடுத்த நண்பரின் பெயரையும் சேர்க்க வேண்டுமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை படித்தபோது, ‘கிடைக்காது’ என்று எழுதத்தான் கை போனது. இரண்டாம் முறை, கடைசியில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் கண் நின்றது: 75-இல் குமிழி பளிச்சென்று தெரிகிறது, 110-இல் தெரியவே இல்லை. அந்த ஒரு வரியில்தான் உங்கள் கண்டுபிடிப்பு இருக்கிறது, வளையத்தில் இல்லை. மூன்று எல்இடி, ஐந்து டிடெக்டர் என்ற எண்ணிக்கையிலும் இல்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில் தவறினால் விண்ணப்பம் முழுவதும் வீணாகும்.

முதலில் உங்களிடம் ‘தரமாட்டார்கள்’ என்று சொன்னவர்களைப் பற்றி. அவர்கள் சொல்வது பாதி சரி. பாகங்கள் பழையவை என்பது மட்டும் ஒரு காரணமே அல்ல. உலகில் காப்புரிமை பெற்ற சாதனங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே இருந்த பாகங்களால் ஆனவைதான். ஆனால் பழைய பாகங்களை வேறு மாதிரி அடுக்கியது மட்டுமே உங்கள் வேலை என்றால், எந்த நாட்டு அலுவலகத்திலும் சிக்கல்தான். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970-இன் 3(எஃப்) பிரிவு இதை நேரடியாகவே சொல்கிறது: தெரிந்த சாதனங்களை வெறுமனே அடுக்குவதும், மாற்றி அடுக்குவதும், எண்ணிக்கையைக் கூட்டுவதும், அவை ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிந்த விதத்தில் இயங்குமானால், கண்டுபிடிப்பு ஆகாது. அந்த ‘தனித்தனியே’ என்ற சொல்லை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகமும் வேறு சொற்களில் இதையேதான் கேட்கிறது. அவர்களுடைய வழிகாட்டு நெறிகளில் ஒரு எடுத்துக்காட்டு உண்டு: இறைச்சி அரைக்கும் இயந்திரத்தையும் அதை உறையில் அடைக்கும் இயந்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அது ஒரு தொகுப்பு, அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்து, தனித்தனியே தர முடியாத ஒன்றைத் தந்தால்தான் அது கண்டுபிடிப்பாகக் கணக்கில் வரும்.

உங்கள் சென்சாரை இந்தக் கண்ணால் பாருங்கள். மூன்று எல்இடி எதற்கு? ஒன்று மங்கினாலும் சராசரி சரியாக வரட்டும் என்பதற்காக இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஐந்து டிடெக்டர்? அதிக ஒளியைப் பிடிக்க. இதெல்லாம் யாரும் எதிர்பார்க்கும் பலன்தான். கலங்கல் அளவீட்டில் இரண்டு ஒளிமூலம், இரண்டு டிடெக்டர் வைத்து, மூலங்களை மாறி மாறி ஒளிரவிட்டு, நான்கு அளவுகளிலிருந்து விகிதம் எடுக்கும் முறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. எல்இடி மங்கினாலும் சாளரத்தில் அழுக்குப் படிந்தாலும் விகிதத்தில் அது கழிந்துபோகும். 860 நானோமீட்டரும் உங்களுடையது அல்ல. கலங்கல் அளவீட்டுக்கான ஐஎஸ்ஓ 7027 தரநிலை அந்த அலைநீளத்தையும் 90 டிகிரியில் சிதறும் ஒளியை அளப்பதையும் சொல்கிறது. ஆகவே, ‘குழாயைச் சுற்றி மூன்று எல்இடியும் ஐந்து ஃபோட்டோடயோடும் கொண்ட கலங்கல் சென்சார்’ என்று எழுதிக் கொடுத்தால், விண்ணப்பத்தை ஆராயும் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் இரண்டு பழைய ஆவணங்களை எடுத்து மேசையில் வைப்பார். மூன்றாவது எல்இடியையும் ஐந்தாவது டிடெக்டரையும் ‘எண்ணிக்கை கூட்டல்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அவர் செய்வது நியாயமும்கூட.

சரி, 75-க்கும் 110-க்கும் வருவோம். அங்கே ஏன் குமிழி தெரிந்தது, இங்கே ஏன் மறைந்தது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. நான் படித்த இயற்பியலை வைத்துச் சொல்கிறேன், நீங்கள் சோதித்துப் பாருங்கள். தண்ணீருக்குள் போகும் ஒளி ஒரு காற்றுக் குமிழியின் பரப்பில் 48.6 டிகிரிக்கு மேல் சாய்ந்து விழுந்தால், குமிழிக்குள் நுழையாது. முழுவதுமாக எதிரொளித்துவிடும். குமிழி உருண்டையானது. அதனால் அதன் ஓரங்களில் படும் கதிர்களெல்லாம் இப்படித் திரும்பும். திரும்பும் கதிர் தன் நேர்த்திசையிலிருந்து எவ்வளவு விலகும்? 180-லிருந்து 48.6-இன் இரு மடங்கைக் கழியுங்கள்: 82.8 டிகிரி. அதுதான் உச்ச எல்லை. அதற்குக் குறைவான கோணங்களிலெல்லாம் குமிழி கண்ணாடிபோல மின்னும். 83-ஐத் தாண்டியதும் அந்த மினுக்கம் சட்டென்று குறையும். மண் துகளில் இப்படியொரு விளிம்பு கிடையாது, ஏனென்றால் அதன் ஒளிவிலகல் எண் (ஒளியை வளைக்கும் அளவு) தண்ணீரைவிடக் கூடுதல். தண்ணீரிலிருந்து அதற்குள் போகும் ஒளிக்கு முழு எதிரொளிப்பு நடக்காது. உங்கள் இரண்டு டிடெக்டர்களும் தற்செயலாக அந்த விளிம்புக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக உட்கார்ந்திருக்கின்றன.

இது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தந்த இடம். ஒளி சென்சார்களின் வரலாற்றில் இதே மாதிரி ஒரு திருப்பம் உண்டு. விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அலைநீள ஒளியைக் காது மடல் வழியாகச் செலுத்தி ஆக்சிஜனை மதிப்பிடும் கருவிகள் 1940-களிலேயே இருந்தன. ஒளிமூலம் பழையது, டிடெக்டர் பழையது. ஜப்பானில் நிஹான் கோடன் நிறுவனத்தில் இருந்த தகுவோ அவோயாகி வேறொரு வேலையில் இருந்தார். இதயம் வெளியேற்றும் இரத்த அளவை, சாயம் செலுத்திக் காதில் ஒளியால் அளக்க முயன்றார். நாடித் துடிப்பால் வந்த ஏற்ற இறக்கம் அளவீட்டைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அதை நீக்கப் போராடும்போதுதான், அந்தத் துடிப்பில் மாறும் பங்கு தமனி இரத்தத்திலிருந்து மட்டும் வருகிறது, அதை இரு அலைநீளங்களிலும் எடுத்து விகிதம் பார்த்தால் தோலும் சதையும் தாமாகக் கழிந்துபோகும் என்று கண்டார். இரைச்சல் என்று நினைத்ததே சிக்னல் ஆனது. உங்களுக்குக் குமிழி இரைச்சலாக இருந்தது. இப்போது அதை அடையாளம் காண ஒரு வழி உங்கள் கையில் இருக்கிறது. பாகம் பழையதா புதியதா என்ற கேள்வியைவிட இது வெகு முக்கியம்.

இனி சட்டத்தின் பக்கம். இடம் மாற்றி வைத்த கண்டுபிடிப்புகளுக்கு நடந்ததில் எனக்கு மிகவும் பாடமாக இருப்பது, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1966-இல் தீர்த்த கிரஹாம் எதிர் ஜான் டியர் வழக்கு. அதற்கும் சென்சாருக்கும் சம்பந்தமில்லை, அது கலப்பை. கல் நிறைந்த நிலத்தில் உழும்போது கொழு தாங்கும் தண்டு உடையாமல் வளைந்து கொடுக்க ஒரு பிடிப்பு. பழைய வடிவத்தில் கீல் தகட்டுக்கு மேலே இருந்த தண்டைப் புதிய வடிவத்தில் தகட்டுக்குக் கீழே கொண்டுவந்தார்கள். நீதிமன்றத்தில், இப்படி மாற்றியதால் தண்டு முழு நீளமும் தடையின்றி வளைகிறது, அதுதான் பெரும் பலன் என்று வாதாடினார்கள். நல்ல வாதம்தான். ஆனால் அந்தப் பலன் காப்புரிமை விவரக்குறிப்பில், அதாவது கண்டுபிடிப்பை விளக்கி விண்ணப்பத்தோடு கொடுக்கும் ஆவணத்தில், எங்கேயும் எழுதப்படவில்லை. மேல்முறையீட்டில்தான் முதல் முறையாக வந்தது. அது அவ்வளவு முக்கியம் என்றால் ஏன் ஆவணத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை என்று நீதிமன்றம் கேட்டது. காப்புரிமை செல்லாது என்று முடிந்தது.

இதே விஷயம் என் வேலையிலும் ஒருமுறை நடந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தூரம் அளக்கும் ஒரு ஒளி சென்சாரோடு வந்தார். எல்இடிக்கும் டிடெக்டருக்கும் இடைவெளி இத்தனை மில்லிமீட்டர் என்று துல்லியமாகச் சொன்னார். ஏன் அந்த இடைவெளி என்று கேட்டேன். ‘அதுதான் நன்றாக வேலை செய்தது’ என்றார். அவசரம் என்பதால் அப்படியே தாக்கல் செய்தோம். அதற்கு என் சம்மதமும் இருந்தது என்பதை இன்றும் நினைத்து வருந்துகிறேன். பரிசோதனையின்போது, அது சாதாரண வடிவமைப்புத் தேர்வு என்று ஆட்சேபம் வந்தது. அதற்குள் அவர் காரணத்தைக் கண்டுபிடித்திருந்தார், அளவீடுகளும் வைத்திருந்தார். ஆனால் தாக்கல் செய்த பிறகு விவரக்குறிப்பில் புதிய விஷயத்தை நுழைக்க முடியாது. இது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் ஒரே மாதிரிதான். ஆட்சேபத்துக்குப் பதிலாக அளவீடுகளைக் காட்டலாம். ஆனால் அந்தக் காரணத்தைக் கிளெய்முக்குள், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகத்துக்குள், கொண்டுவர முதலில் கொடுத்த விவரக்குறிப்பில் ஒரு வரியாவது இருக்க வேண்டும். இல்லை. விண்ணப்பம் போய்விட்டது.

அதனால்தான் உங்களை இப்போதே கேட்கிறேன்: ஏன் 75? ஏன் 110? பதில் உங்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுத்தாக வேண்டும்.

எதிர்ப்பக்கம் என்ன சொல்லும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2007-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேஎஸ்ஆர் எதிர் டெலிஃப்ளெக்ஸ் வழக்கில் உங்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்றைப் பார்த்தது: காரின் ஆக்சிலரேட்டர் பெடலில் மின்னணு சென்சாரை எங்கே பொருத்துவது. நகராத சுழல் மையத்தில் பொருத்தியது கண்டுபிடிப்பா? இல்லை என்றது நீதிமன்றம். சென்சார்கள் இருந்தன, பெடல்கள் இருந்தன, நகரும் இடத்தில் வைத்தால் ஒயர் தேய்ந்து போகும் என்பதும் தெரிந்ததே. துறை தெரிந்தவர் ஒன்றும் புரியாத இயந்திரம் அல்ல, சாதாரணப் படைப்புத் திறன் உள்ள மனிதர், அவரே அங்கே போய்ச் சேர்ந்திருப்பார் என்றது. உங்கள் விஷயத்திலும் பரிசோதகர் இப்படிச் சொல்லலாம்: குமிழியின் முழு எதிரொளிப்பு பாடப்புத்தக உண்மை, குமிழி தொல்லை தெரிந்த பிரச்சினை, இரண்டையும் சேர்ப்பதில் என்ன இருக்கிறது?

இதற்கு மறுமொழி இருக்கிறது. ஆனால் அது, இதற்கு முன் யாராவது இதைச் செய்திருக்கிறார்களா என்ற தேடலைப் பொறுத்தது. இயற்கை விதிக்குக் காப்புரிமை கிடையாது. அந்த விதியை ஒரு குறிப்பிட்ட அமைப்பில் ஒரு குறிப்பிட்ட பிரச்சினைக்குப் பயன்படுத்துவதற்குத்தான் கேட்கிறோம். கலங்கல் அளப்பவர்கள் இதுவரை குமிழியை எப்படிச் சமாளித்தார்கள்? தண்ணீரைக் கொஞ்சம் நேரம் தேக்கி வைத்துக் குமிழியை மேலே போகவிட்டார்கள், அழுத்தம் கொடுத்துக் கரைத்தார்கள், திடீரென ஏறும் அளவுகளை மென்பொருளில் தள்ளிவிட்டார்கள். எல்லோரும் 90-இலேயே நின்றுகொண்டு குமிழியை விரட்டப் பார்த்திருந்தால், அதிலிருந்து விலகி எல்லைக் கோணத்தின் இரு பக்கமும் டிடெக்டர் வைப்பது சாதாரண அடுத்த படி அல்ல என்று வாதாடலாம். பிறர் போன திசை வேறு என்பது இந்தத் துறையில் வலுவான வாதம். யாரோ ஒருவர் இதே திசையில் ஏற்கெனவே போயிருந்தால் அந்த வாதம் கிடையாது.

தேடல் என்றதும் கலங்கல் சென்சார்களில் மட்டும் தேடாதீர்கள். கடல் நீரில் குமிழிகளின் அளவை ஒளியால் ஆராய்ந்தவர்கள் இந்த 83 டிகிரி எல்லையை நன்றாக அறிவார்கள். அவர்களுடைய ஆய்வுக் கட்டுரைகள் காப்புரிமை ஆவணங்களுக்குச் சமமாகக் கணக்கில் வரும். இரத்தம் செல்லும் குழாயில் காற்று வருகிறதா என்று பார்க்கும் மருத்துவக் கருவிகள், எண்ணெயில் காற்றைக் கண்டறியும் கருவிகள், புகை கண்டறியும் கருவிகள் எல்லாவற்றையும் பாருங்கள். புகைக் கருவி எதற்கு என்று கேட்பீர்கள். அங்கேயும் ஒளிமூலமும் டிடெக்டரும் ஒன்றையொன்று நேராகப் பார்க்காதபடி கோணத்தில் இருக்கும், புகை வந்தால் சிதறிய ஒளி மட்டும் டிடெக்டரை அடையும். இரு கோணங்களில் அளந்து, நீராவியையும் புகையையும் பிரிக்கும் வடிவங்களும் உண்டு. ‘இரு கோணம், ஒப்பீடு, இரண்டு வகைத் துகள் பிரிப்பு’ என்ற உங்கள் எண்ணத்துக்கு மிக நெருங்கிய உறவினர் அவர்தான். காப்புரிமை ஆவணங்களைத் தேடும் எஸ்பாஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப், கூகுள் பேட்டன்ட்ஸ் தளங்கள் மூன்றும் இலவசம். சொற்களால் மட்டும் தேடாமல் வகைப்பாட்டு எண்ணால் தேடுங்கள்: ஓடும் திரவத்தில் ஒளிச்சிதறலுக்கு ஜி01என் 21/53, துகள் ஆய்வுக்கு ஜி01என் 15. சொல்லால் தேடினால் ஒருவர் ‘குமிழி’ என்பார், இன்னொருவர் ‘வாயு உள்ளடக்கம்’ என்பார், நழுவிவிடும்.

இன்னொரு ஆபத்து இருக்கிறது, பலர் இதில் தடுக்கி விழுகிறார்கள். கரைசலில் உள்ள மூலக்கூறுகளை ஆராய, மாதிரியைச் சுற்றி வரிசையாகப் பல கோணங்களில் டிடெக்டர் வைத்த ஆய்வுக்கூடக் கருவிகள் வெகு காலமாக உண்டு. அவற்றில் ஒன்று 75-க்கு அருகிலும் இன்னொன்று 110-க்கு அருகிலும் இருக்கும். அவர்கள் குமிழியைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பது உங்களுக்கு உதவாது. ஒரு சாதனத்தைக் கேட்கும் கிளெய்ம், சாதனம் என்னவாக இருக்கிறது என்பதால் அளக்கப்படும். அதே அமைப்பு வேறு நோக்கத்துக்காக ஏற்கெனவே இருந்தால் புதுமை போய்விடும். ஆகவே டிடெக்டர் இருக்கும் இடத்தோடு, அந்த இரண்டு சிக்னல்களை எடுத்து என்ன செய்கிறது என்ற சுற்றையும் கிளெய்முக்குள் கட்டாயம் கொண்டுவர வேண்டும். நான் எழுதினால் ஏறக்குறைய இப்படித் தொடங்குவேன்:

‘திரவம் ஓடும் ஒளிபுகும் குழாய், அதற்குள் ஒளிக்கற்றையைச் செலுத்தும் குறைந்தது ஒரு ஒளிமூலம், கற்றையின் நேர்த்திசையிலிருந்து அளக்கும்போது, அந்தத் திரவத்திலுள்ள வாயுக் குமிழியின் முழு எதிரொளிப்பு எல்லைக் கோணத்தைவிடக் குறைந்த கோணத்தில் உள்ள முதல் டிடெக்டர், அதைவிடக் கூடிய கோணத்தில் உள்ள இரண்டாம் டிடெக்டர், இரண்டின் சிக்னல்களையும் ஒப்பிட்டு, குமிழியால் வந்த பங்கை நீக்கிக் கலங்கல் அளவைத் தரும் சுற்று ஆகியவை கொண்ட சென்சார்.’

பாருங்கள், இதில் 75 இல்லை, 110 இல்லை, மூன்றும் ஐந்தும் இல்லை. அவற்றையெல்லாம் அடுத்தடுத்த சார்புக் கிளெய்ம்களில், அதாவது முதல் கிளெய்மோடு கூடுதல் விவரம் சேர்க்கும் கிளெய்ம்களில், வைப்போம். முதல் கிளெய்ம் தேடலில் விழுந்தாலும் பின்வாங்கி நிற்க இடம் வேண்டும். எண்ணைத் தலையில் வைத்தால், போட்டியாளர் டிடெக்டரை 71-க்கு நகர்த்தி ‘என்னுடையது வேறு’ என்பார். உறவைத் தலையில் வைத்தால் அவருக்கு அந்த வழி இல்லை. அதோடு, தண்ணீருக்கு மட்டும் இது நிற்காது. ஒளிவிலகல் எண் 1.47 உள்ள ஒரு எண்ணெயில் கணக்குப் போட்டால் எல்லைக் கோணம் சுமார் 94 டிகிரிக்கு வரும். உங்கள் 75-உம் 110-உம் அங்கேயும் இரு பக்கமாகத்தான் நிற்கின்றன. ஆனால் எண்ணெயைக் கேட்க வேண்டுமானால் எண்ணெயிலும் சோதித்த அளவீடு விவரக்குறிப்பில் இருப்பது நல்லது. சோதிக்காததை அகலமாகக் கேட்டால், போதிய விளக்கம் இல்லை என்ற வேறு ஆட்சேபம் காத்திருக்கும்.

‘டிகிரி’ என்று நீங்கள் எழுதியதில் ஒரு சந்தேகம். 75 என்பதை எங்கிருந்து அளந்தீர்கள்? கற்றை நேராகப் போகும் திசையிலிருந்தா, எல்இடி இருக்கும் பக்கத்திலிருந்தா? இரண்டும் வெவ்வேறு. ஒன்றில் 75 என்றால் மற்றதில் 105. நேர்த்திசையிலிருந்து என்று வைத்துக்கொண்டுதான் மேலே எழுதியிருக்கிறேன். அது மாறினால் என் விளக்கம் தலைகீழாகும், நீங்கள் சொன்ன பலனும் அதற்குப் பொருந்தாது. படத்தில் அம்புக்குறி போட்டு வரையறுத்து எழுதுங்கள். அப்புறம், உங்கள் ஃபோட்டோடயோடு எத்தனை டிகிரி அகலத்துக்கு ஒளியை வாங்குகிறது, எல்இடியின் கற்றை எவ்வளவு விரிகிறது என்பதையும் குறியுங்கள். டிடெக்டர் முன்னும் பின்னும் 20 டிகிரிக்கு வாங்கினால், 75-இல் இருப்பதாகச் சொல்வது 55 முதல் 95 வரை பரவிவிடும், விளிம்பு மழுங்கிவிடும். முன்னால் ஒரு சிறு துளையோ லென்ஸோ வைத்திருந்தால் அதையும் எழுத மறக்காதீர்கள். அந்தத் துளைதான் ஒரு நல்ல சார்புக் கிளெய்ம் ஆகலாம்.

செய்ய வேண்டிய சோதனை பெரிய வேலை அல்ல. சுத்தமான தண்ணீரில் குமிழி மட்டும், குமிழி இல்லாத தண்ணீரில் மண் மட்டும், இரண்டும் கலந்து என மூன்று நிலைகள். ஒரு டிடெக்டரை 60-இலிருந்து 120 வரை ஐந்து ஐந்து டிகிரியாக நகர்த்தி எடுங்கள். 80, 85, 90 மூன்றையும் விடவே கூடாது, வரைபடத்தில் சரிவு தெரிய வேண்டிய இடம் அது. பிறகு வழக்கமான 90 டிகிரி மட்டும் வைத்த சென்சாரை அதே தண்ணீரில் வைத்து, குமிழியால் எவ்வளவு பிழை வருகிறது, உங்களுடையதில் எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். 3(எஃப்)-இல் அடிக்கோடிடச் சொன்னேனே, அந்தத் ‘தனித்தனியே’ என்ற சொல்லுக்கு இந்த ஒப்பீடுதான் பதில். இரண்டு டிடெக்டர்களில் எதுவும் தனியாகக் குமிழியைப் பிரிக்க முடியாது, இரண்டும் சேர்ந்தால்தான் முடியும் என்று வரைபடமே சொல்லிவிடும்.

கண்காட்சிக்கும் அந்த இரண்டு சென்சார்களுக்கும் வருகிறேன். இதில் உங்கள் பதற்றம் நியாயமானது. கண்காட்சியில் மூடியோடு மட்டும் வைத்தீர்களா, கழற்றிக் காட்டினீர்களா, பலகையில் கோணத்தை எழுதினீர்களா என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். பார்ப்பவருக்கு உள்ளே இருப்பது எட்டாமல் மூடியே இருந்து, நீங்களும் விளக்காமல் இருந்திருந்தால் பெரும்பாலும் தப்பித்தீர்கள். கொடுத்த சென்சார்தான் எனக்கு அதிகக் கவலை. ரகசியம் காக்க வேண்டிய கடமை இல்லாத ஒருவர் கையில் பொருள் போனால், அவர் திறந்து பார்த்தாரா இல்லையா என்பது ஒரு பொருட்டல்ல, திறந்து பார்க்க முடியும் என்பதே போதும் என்பது ஐரோப்பியப் பார்வை. அமெரிக்காவில் 1881-இலேயே ஒரு தீர்ப்பு வந்தது. ஆடைக்குள் அணியும் இடுப்புப் பட்டைக்கான வில்கம்பியை ஒருவர் தன் தோழிக்குக் கொடுத்தார். வெளியே யாருக்கும் தெரியாத பொருள். ஆனாலும் எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்ததால் அது பொதுப் பயன்பாடுதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

கொடுத்தபோது ‘இது சோதனைக்கு, வெளியே சொல்லாதீர்கள்’ என்று பேசிக்கொண்டீர்களா? பேசியிருந்தால், அந்த உண்மையை இன்றைய தேதி போட்டு அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். செய்திப் பரிமாற்றம் இருந்தால் அழிக்காமல் வையுங்கள். பேசாமல் இருந்திருந்தால் பழைய தேதி போட்டு ஒப்பந்தம் எதுவும் உருவாக்காதீர்கள், அது காப்புரிமையை மட்டுமல்ல உங்களையும் கெடுக்கும். இப்போது இரண்டையும் திரும்ப வாங்கிவிடுங்கள். நீங்களே வெளியிட்டதற்கு அமெரிக்காவும் ஜப்பானும் ஓராண்டு அவகாசம் தருகின்றன. கண்காட்சியிலிருந்து கணக்கிட்டால் உங்களுக்கு அதில் எட்டு மாதம் மீதி. ஐரோப்பாவில் அந்த அவகாசம் ஏறக்குறைய கிடையாது. யாராவது உங்களை ஏமாற்றி வெளியிட்டிருந்தாலோ, அங்கீகரிக்கப்பட்ட சில சர்வதேசக் கண்காட்சிகளாக இருந்தாலோ ஆறு மாதம், அவ்வளவுதான். இந்தியாவிலும் அது எல்லாக் கண்காட்சிக்கும் இல்லை, அரசு அறிவித்தவற்றுக்கே.

அதனால் நாள் கடத்தாதீர்கள். ஏற்கெனவே சொன்ன அவோயாகியின் விண்ணப்பம் 1974 மார்ச் 29-இல் தாக்கலானது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரலில் மினோல்டா நிறுவனம் அதே தத்துவத்துக்கு விண்ணப்பித்தது. இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் வேலை செய்தவர்கள். நல்ல எண்ணங்கள் ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் முளைப்பது சகஜம். தற்காலிக விண்ணப்பம் ஏற்கும் நாட்டில் முதலில் அதைக் கொடுங்கள். அன்றிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பமும் பிற நாட்டு விண்ணப்பங்களும் போடலாம். பிசிடி என்ற சர்வதேசக் காப்புரிமை ஒப்பந்தத்தின் வழியாகப் போனால் பெரும்பாலான நாடுகளுக்குள் நுழைய 30 மாதம் கிடைக்கும். தற்காலிகம்தானே என்று இரண்டு பக்கம் எழுதிப் போட்டுவிடாதீர்கள். அதில் இருக்கும் விஷயத்துக்குத்தான் அந்தத் தேதி கிடைக்கும். எல்லைக் கோண விளக்கமும் வரைபடமும் அதிலேயே இருக்கட்டும். எந்த நாட்டில் வசிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இந்தியா, அமெரிக்கா போன்ற சில நாடுகளில் அங்கே செய்த கண்டுபிடிப்பை அனுமதியின்றி முதலில் வெளிநாட்டில் தாக்கல் செய்யக் கூடாது, அதைக் கவனியுங்கள்.

காப்புரிமை வேண்டாம், ரகசியமாகவே வைத்துக்கொள்கிறேன் என்று சிலர் கேட்பதுண்டு. உங்கள் சாதனத்துக்கு அது பொருந்தாது. ஒன்றை வாங்கி, மூடியைக் கழற்றி, பாகைமானியை வைத்தால் முடிந்தது. அதோடு, காப்புரிமை கிடைத்தாலும் அது பிறரைத் தடுக்கும் உரிமைதான், நீங்கள் தயாரிக்க அனுமதி அல்ல. விகிதம் எடுக்கும் முறையிலோ வேறு எதிலோ உயிரோடிருக்கும் பிறர் காப்புரிமை இருந்தால் அதையும் பார்த்தாக வேண்டும். தேடும்போதே அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள்.

கடைசியாக நண்பர். நீங்கள் கொடுத்த வரைபடத்தின்படி போர்டை வடித்து, சாலிடர் செய்து கொடுத்தார் என்றால் அவர் கண்டுபிடிப்பாளர் அல்ல, எவ்வளவு நாள் உழைத்திருந்தாலும். நன்றிக்காகப் பெயர் சேர்ப்பதும் தவறு, மனக்கசப்பில் விடுவதும் தவறு. இரண்டுமே பின்னாளில் காப்புரிமையை அசைக்கும். ஆனால் நீங்கள் ‘பல நாள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்களில் அவரும் பக்கத்தில் இருந்தாரா? ஒரு டிடெக்டரை 90-க்கு அந்தப் பக்கம் தள்ளிப் பார்ப்போம், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று முதலில் சொன்னது யார்? அது அவர் என்றால் அவர் பெயர் இருந்தே ஆக வேண்டும். இருவரும் உட்கார்ந்து, பழைய குறிப்புகளையும் ஒருவருக்கொருவர் அனுப்பிய படங்களையும் தேதிவாரியாகப் பாருங்கள். அதைத் தாக்கலுக்கு முன் முடித்துவிட்டு, ஐந்து ஐந்து டிகிரியாக எடுத்த அந்த வரைபடத்தோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். 85-இல் கோடு எப்படிப் போகிறது என்று பார்க்க எனக்கும் ஆவலாக இருக்கிறது.